எந்த உறையில?

மயினியிடம் யாரையாவது யாரோடாவது ஒப்பிட்டுப் பேசிவிட்டுத் தப்பிக்க முடியாது. உடனே "எந்த உறையில?" என்று கேட்பாள். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு விளங்கும். தாராவியில் குத்துச்சண்டைக் கையுறை தைக்கிற ஒரு கார்கானாவில் நான் எட்டு வருஷம் செக்கிங் மேசையில் இருந்தேன். கட்டைவிரல் துண்டை உறையோடு சேர்த்துத் தைக்கிற வேலை மயினிக்கு.

எனக்கு அவள் உறவு இல்லை. எங்கள் சந்தில் யாரோ ஒருவருக்கு அண்ணன் பெண்டாட்டியாக வந்து, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மயினி ஆகிவிட்டவள். கார்கானாவில் இருந்த பீகார்ப் பெண்களும் மராட்டிப் பெண்களும்கூட அவளை 'மைனி' என்றுதான் கூப்பிட்டார்கள், அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டு. ஒருத்தி சம்பள நோட்டிலேயே அப்படி எழுதி வைத்திருந்தாள். அவளுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனுடைய மார்க்கைச் சொல்லிவிட்டு, உன் மகள் அவ்வளவு வாங்கவில்லையே என்று இழுத்தாளாம். மயினி அரிசி களைந்துகொண்டே கேட்டிருக்கிறாள். "ஒம் மவன் ட்யூஷன்ல ஃபேனுக்கடியில உக்காந்து படிச்சான். எம் மவ குழாய்ல வரிசையில நின்னுட்டுப் படிச்சா. எந்த உறையில அடிச்சான், எந்த உறையில அடிச்சா? ரெண்டு பேருக்கும் ஒரே உறையக் குடு, பொறவு மார்க்கப் பாப்போம்." மறுநாள் மதியச் சாப்பாட்டில் இதை எங்களிடம் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொன்னாள். ஒப்பிடத் தெரியாமல் ஒப்பிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அவளுக்கு இந்த வியாதி ஒட்டிக்கொண்டதற்கு நானும் ஒரு காரணம். ஒரு தடவை வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அந்தக் காலத்து மாதிரியிலேயே கையுறை வேண்டும் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பழைய ஜோடியும் அனுப்பியிருந்தார்கள். உள்ளே எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்க ஒன்றைப் பிரிக்க வேண்டும். மயினி கை சுத்தம் என்று அவளிடம் கொடுத்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். நாங்கள் இப்போது ஃபோம் வைக்கிற இடத்தில் அதில் குதிரைமுடி இருந்தது. அதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அடிபட்டு அடிபட்டு முடியெல்லாம் பக்கவாட்டிலும் மணிக்கட்டுப் பக்கமும் ஒதுங்கி, விரல் முட்டிக்கு நேராக வெறும் தோல்தான் மிஞ்சியிருந்தது.

பிரிக்காத இன்னொன்றை மாட்டிக்கொண்டு மேசையில் ஒரு குத்து விட்டாள். "எலும்புச் சத்தம் கேக்கு பாரு தம்பி. இத மாட்டிட்டு அடிச்சா வாங்குறவனுக்கு மட்டுமா வலிக்கும்? அடிக்கிறவன் விரலும்லா நொறுங்கும். யாரு போட்டது இது?"

எனக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் உண்டு. காலேஜ் நாளிலிருந்தே பார்ப்பவன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் ஒரு கறுப்பு வெள்ளைச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். அவர்கள் ஆள்களைப் பார்த்தார்கள். மயினி கைகளை மட்டும் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு சண்டை என்று வழக்கமாகிவிட்டது.

ஹெவிவெயிட் சாம்பியன்களில் ஒருவர் பெயரும் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் அவளே பெயர் வைத்தாள். கால் தரையில் பாவாமல் சுற்றிச் சுற்றி வந்தவர் ஆட்டக்காரன். உயரம் குறைந்தவர் குள்ளன். எப்போதும் அரைக்கண் மூடியிருந்த ஒருவர் தூங்குமூஞ்சி. இந்தக் காலத்து நெட்டைச் சாம்பியன் ஒருவர் கோபுரம். உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய வீரர்கள் எங்கள் கார்கானாவில் இப்படி நெல்லைப் பட்டப்பெயரோடு உலவினார்கள். பீகார்ப் பெண்கள் 'கோப்ரம்' வந்தாரா, 'குல்லன்' வந்தாரா என்று கேட்பார்கள்.

நான் கோபுரத்தின் கட்சி. இந்தக் காலத்து ஆளின் உயரம், எடை, சாப்பாடு, பயிற்சி, இதற்கெல்லாம் முன்னால் பழைய ஆள்கள் ஒரு ரவுண்டு தாங்க மாட்டார்கள் என்று சாதிப்பேன்.

"குள்ளன் இவன் நெஞ்சு உயரந்தான் மயினி. கை எட்டவே எட்டாது."

"எத்தன ரவுண்டு சண்ட?"

"இப்பல்லாம் பன்னெண்டு."

"அப்பம்?"

"பதினஞ்சு."

"ஒங்க கோபுரம் பதினொண்ணுலயே வாயப் பொளந்துட்டு நிக்கானே. அந்தக் கடைசி மூணு ரவுண்டுல என்ன செய்வான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பி.ஏ. படித்தவன். அவள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எட்டுப் பேர் முன்னால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி மூக்குடைபட்டேன். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதை அன்று நானே ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அவள் பழைய ஆள்களின் பக்தை என்றும் சொல்ல முடியாது. நான் ஒருநாள் தோற்றுப்போன கோபத்தில், "சரி, பழைய ஆளுதான் பெரியவன், போதுமா" என்றேன். அதற்கும் விடவில்லை. "அது எப்படி? பழைய ஆளு இம்புட்டு உயரத்துல ஒருத்தன எதுக்க நின்னு பாத்திருக்கவே மாட்டான்லா. அதையும் சொல்லணும்லா" என்றாள். எதிராளிக்குச் சேர வேண்டியதை அவளே எடுத்துக் கொடுத்துவிடுவாள். நியாயம் என்பது அவளுக்கு வாதத்தில் ஜெயிப்பதைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை.

இந்தக் குணம்தான் அவளை எங்கள் முதலாளி சேட்டோடு மோத வைத்தது. மாதத்தின் சிறந்த வேலையாள் என்று சேட் ஒரு போர்டு மாட்டினார். முதல் மூன்று மாதமும் வாசல் பக்கம் உட்காருகிறவர்களே அதில் வந்தார்கள். மயினி போர்டைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் இடத்தை மாற்றி உட்கார வைத்துவிட்டு அப்புறம் பெயர் எழுதச் சொன்னாள். சேட் சிரித்தார். மாற்றிப் பார்ப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? மாற்றினார்கள். வாசல் பக்கம் இருந்து பின்னால் போன பெண் மூன்றாவது நாள் வாந்தி எடுத்தாள். பின்பக்கம் சன்னல் கிடையாது. ஃபோம் ஒட்டுகிற சொல்யூஷனின் வாடை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே உட்காருகிற ஆறு பேர் மெதுவாகத் தைத்ததற்குக் காரணம் கையில் இல்லை, மூக்கில் இருந்தது.

அந்த ஆறு பேரில் மயினியும் ஒருத்தி. போர்டு இறங்கிவிட்டது. அதோடு அவள் நிற்கவில்லை. ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று கேட்டாள். சேட் பார்ப்போம் என்றார். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சேட் பேசிப் பார்த்தார். அவள் வெளியே வந்து மற்ற ஐந்து பேரிடமும் அப்படியே ஒப்பித்தாள். அப்படி ஒரு கட்டு. அவர்கள் ஆறு பேரும் ஒரே வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள், டப்பாக்களைக் கை மாற்றிக்கொண்டு.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி கேமராவோடு வந்தாள். உலகத்தில் சாம்பியன்கள் மாட்டுகிற உறை எங்கெங்கே, யார் கையில் உருவாகிறது என்று படம் எடுக்கிறாளாம். சேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. முன் அறையைத் துடைத்து, நாற்காலி போட்டு, மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார். தைக்கிறவர்களில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றபோது, குத்துச்சண்டை பற்றிப் பேசத் தெரிந்தவள் என்று மயினியைக் கூப்பிட்டதும் நான்தான். அதுவரைக்கும் நல்லவனாகத்தான் இருந்தேன்.

மயினி இந்தியில் ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணி, வேண்டாம், அவருடைய தாய்மொழியிலேயே பேசட்டும், அதுதான் அழகு என்றாள். சேட் குஜராத்தில் பாலன்பூர்க்காரர்; அவருக்கு ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியாது. மயினிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அறையில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இங்கே வேலை எப்படி இருக்கிறது என்பது முதல் கேள்வி. மயினி தயாராக வந்திருந்தாள். "பின்னால சன்னல் கெடையாது. சொல்யூஷன் வாட தலையச் சுத்துது. ராத்திரி வீட்டுக்குப் போனாலும் சோத்துல அந்த வாடதான். ஃபேன் கேட்டு மூணு மாசமாச்சு. எனக்குன்னு சொல்லல, ஆறு பேருக்கும் சேத்துதான் சொல்லுதேன். அப்படியே சொல்லு தம்பி."

சேட் அலமாரியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. இவர் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறார், முதலாளி எங்கள் ஆறு பேருக்கும் அப்பா மாதிரி என்கிறார், என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சொன்ன அந்த 'ஆறு பேர்' வீணாகவில்லை பாருங்கள். அதை மட்டும் பத்திரமாக எடுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, எல்லாக் காலத்திலும் பெரிய சாம்பியன் யார் என்பது. மயினி ஒரு உறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஆள ஒப்பிடாதீய, உறைய ஒப்பிடுங்க. பழைய உறையில முட்டிக்கு நேரா ஒண்ணும் கெடையாது. அதனால பழைய ஆளு பாதி அடியக் கையிலயே வச்சுக்கிடுதான், முட்டி ஒடஞ்சிரும்னு பயம். இப்ப உள்ளவன் கையில மெத்தையக் கட்டிட்டு மண்டையிலயே இடிக்கான். உறை அடி வாங்குறவனுக்குன்னு நெனைக்கிய. இல்ல, அடிக்கிறவன் கைக்குத்தான். பாதி அடியிலயே ஜெயிச்சவன் பெருசா, முழு அடி அடிச்சு ஜெயிச்சவன் பெருசா? ரெண்டு பேருக்கும் ஒரே உறையக் குடுத்துட்டு என்கிட்ட வந்து கேளுங்க."

அவ்வளவு நாள் மதியச் சாப்பாட்டில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது. வாயைத் திறந்தேன். "என்னுடைய கருத்து என்னவென்றால்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

அந்தப் பெண்மணியின் கண் விரிந்தது. கேமரா மெல்ல மயினியை விட்டு என் பக்கம் திரும்பியது. மயினி கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு, அவள் காட்டிய இடத்திலேயே விரலை வைத்துக் காட்டினேன். மயினி ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள், சரியாகத்தான் சொல்கிறான் என்று. முடிந்து வெளியே வரும்போது கேட்டாள்.

"என்ன தம்பி, நான் சொன்னதவிட நீ ரொம்ப நேரம் சொன்ன?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் மயினி, நீளும்."

நம்பிவிட்டாள். ஃபேனைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன்.

இரண்டு மாதத்தில் படம் நெட்டில் வந்தது. பதினைந்து நிமிஷப் படம். அதில் நான் நான்கு நிமிஷம். மயினி அரை நிமிஷம்கூட இல்லை. அவள் குரலைக் குறைத்து மேலே பாட்டு போட்டிருந்தார்கள். இங்கே பார்க்கிறவர்களுக்காகக் கீழே இந்தியில் எழுத்து ஓடியது. மயினிக்கு இந்தி பேச வரும், வாசிக்க வராது. தன் முகம் வருவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு வட்டத்தின் நடுவில் பிடித்தாள். "தேக்கோ, மைனே ஃபேன் கா போலா. சப் கே லியே போலா" என்று ஒவ்வொருத்தி முகத்துக்கு நேராகவும் காட்டினாள். எல்லோருக்காகவும் ஃபேனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் பார் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த ஐந்து பேரும், சேட் எங்கள் ஆறு பேருக்கும் அப்பா மாதிரி என்று வாசித்தார்கள்.

யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்துக்கு நேராக இவ்வளவு துணிந்து பொய் சொல்கிறவளிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் அவள் டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை. அவள் நீட்டிய கருவாட்டை, வயிறு சரியில்லை என்று ஒருத்தி தள்ளிவிட்டாள். அடுத்த நாள் அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் வட்டம் மூடிக்கொண்டுவிட்டது. ஃபேன் பேச்சும் நின்றுவிட்டது. தலைவியே விலைபோய்விட்டாள் என்றால் யாரை நம்பிக் கேட்பது?

"ஏன் தம்பி அவளுவ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்காளுவ?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"தெரியல மயினி."

மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போனில் ஒரு சண்டை போட்டுக் காட்டவா மயினி என்று ஒருநாள் கேட்டேன், ஏதோ அதுவே ஒரு பிராயச்சித்தம் என்பது போல. வேண்டாம் என்றாள்.

அப்புறம் வீட்டில் அவள் மகள் படத்தைப் பார்த்திருக்கிறாள். அவள் இந்தி வாசிப்பாள். வாசித்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் மயினி வந்த வேகத்தில் நேரே என் மேசைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னைக் கையோடு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்த ஐந்து பேர் முன்னால் நிறுத்தினாள்.

"நான் என்ன சொன்னேன்னு இவளுவட்ட நீயே சொல்லு தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தியில சொல்லு, நான் சொன்ன மாதிரியே சொல்லு."

ஐந்து பேரும் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அவள் ஃபேனைத்தான் கேட்டாள் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று இருந்தது, எனக்கு அது தெரிந்தது. அவர்களும் அவளை வெறுக்க ஆசைப்பட்டவர்கள் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். முன் அறை வாசலில் சேட் நின்றிருந்தார். சூப்பர்வைசர் ஆகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"யாத் நஹி" என்றேன். ஞாபகம் இல்லை.

மயினி என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. சாபம் விடவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அந்த மாதக் கடைசி வரைக்கும் வந்து, கையிலிருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டாள். குடும்பத்தோடு வடாலாப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இருந்தவரைக்கும் அந்தக் கார்கானாவில் ஃபேன் வரவில்லை.

எனக்கு வந்தது எல்லாம் நல்லதாகவே வந்தது. படத்தைப் பார்த்த ஒருவர், தமிழில் குத்துச்சண்டை பற்றி நெட்டில் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தார். இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறேன். இந்தக் காலத்துச் சாம்பியனையும் அந்தக் காலத்துச் சாம்பியனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உறையைப் பாருங்கள், ரவுண்டைப் பாருங்கள் என்பேன். "அண்ணா, உறைய வச்சு யோசிச்ச முதல் ஆளு நீங்கதான்" என்று பையன்கள் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு இதயப் படம் போட்டுப் பதில் அனுப்புகிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விலாசம் விசாரித்துக்கொண்டு வடாலாவுக்குப் போனேன். பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். முன்நரை வந்திருந்தது. உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருக்க, அவளே பேசினாள்.

"ஒம் பேச்ச மவ போட்டுக் காட்டினா. கோபுரத்த ரொம்பக் கொறச்சுப் பேசுத. அவன் காலத்துல அவனுக்கும் கஷ்டம் இருக்கும்லா."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று ஆங்கிலத்தில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், ஞாபகம் இருந்தும் இல்லை என்று சொன்னது வரைக்கும். சொல்லும்போது அழுதேன். மயினி தையலை நிறுத்தாமல் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே எதுக்குச் சொல்லுத? அவளுவளுக்குத்தான தெரியாது. சேட்டு தனியாக் கூப்பிட்டுப் பேசினானே, அவ மவளுக்குக் கல்யாணம் ஆச்சு, எனக்குச் சொல்லல. போன மழையில ஒருத்தியப் பஸ்ஸுல பாத்தேன், எந்திரிச்சு அடுத்த சீட்டுக்குப் போயிட்டா. அவளுவ மனசுல நான் சேட்டுக்கு வாலாட்டினவ. அவளுவட்டப் போய்ச் சொல்லு."

"சொல்றேன் மயினி."

"எப்பம்?"

"இந்த வாரம்."

"சேட்டு என்ன சொல்லுவானோன்னு இனி ஒனக்கு என்ன? நீதான் அங்கன இல்லியே" என்றாள். என்னிடம் மிச்சம் இருந்த ஒரே சாக்கும் அதோடு போயிற்று.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கார்கானா நான் பஸ் ஏறும் இடத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. இரண்டு தடவை சந்து முனை வரைக்கும் போனேன். இரண்டாம் தடவை டீக்கடையில் அந்த ஐந்து பேரில் ஒருத்தியைப் பார்த்தேன். என்னை நெட்டில் பார்ப்பதாகச் சொன்னாள், எங்கள் கார்கானாப் பையன் என்று எல்லோரிடமும் காட்டுகிறார்களாம். நன்றி சொல்லி, டீயும் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேரில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, எழுதியாவது விடலாம் என்றுதான் இதற்கு உட்கார்ந்தேன். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பீகார், ஒருத்தி மராட்டி. மற்ற இரண்டு பேர் தாராவியிலேயே பிறந்த நம் பெண்கள், இந்தி மீடியத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு இந்தி நன்றாகவே எழுத வரும். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.